புதிய ஆசிரியரின் முதல் பருவம்

சிதம்பரம் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வருகிறவர் இந்த ஊரை விரும்பிக் கேட்டு வந்தவராக இருப்பது அபூர்வம். கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக் காலியிடங்கள் முடிந்துவிட்டன என்று தெரிந்ததும், மிச்சமிருக்கும் பெயர்களில் ரயில் நிற்கும் ஊர் எது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். கையில் ஒரு பெட்டி, பணிநியமன ஆணை, சான்றிதழ் ஃபைல். கூடவே அப்பாவோ அண்ணனோ கணவரோ வந்திருப்பார். அவர் மாலை வண்டிக்குத் திரும்பிவிடுவார். அந்த மாலை முதல் காலாண்டுத் தேர்வு முடியும் வரை உள்ள மாதங்களைப் பற்றியது இந்த அத்தியாயம். தலைமையாசிரியர்களுக்கும் மூத்த ஆசிரியர்களுக்கும் எழுதியது. புதியவர் படித்தாலும் நல்லதுதான், ஆனால் இதில் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை அவருடையவை அல்ல, உங்களுடையவை.

வெளியூரிலிருந்து வந்தவர் இங்கே நிலைக்க மாட்டார், அடுத்த மே மாதக் கலந்தாய்வில் கிளம்பிவிடுவார் என்ற எண்ணம் ஆசிரியர் அறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த ஊரின் கல்வி வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1864இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து நல்லூர்க்காரர். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பள்ளி வாசலே மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பும் தங்குமிடமும் கொடுத்த சுவாமி சகஜானந்தர் ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். 1929இல் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை செட்டியாருக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் ஆசிரியப் பணி முடித்து ஓய்வுபெற்ற உ.வே. சாமிநாதையர்கூட 1924 முதல் 1927 வரை இங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டுத்தான் போனார். சிதம்பரத்தில் படிப்பைக் கட்டியவர்களில் பலர் வந்து சேர்ந்தவர்கள். பெட்டியோடு நிற்கிற இளைஞரை வரவேற்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

முதல் நாளும் முதல் சம்பளமும்

பணியேற்கும் நாளில் வழக்கமாக நடப்பது இதுதான். பணியேற்பு அறிக்கையில் கையெழுத்து, ஒரு தேநீர், ஒரு சாக்பீஸ் டப்பா. “எட்டாம் வகுப்பு சும்மா இருக்கு, போய் உட்காருங்க சார்.” இரவெல்லாம் பயணம் செய்து வந்தவரை முன்பின் தெரியாத அறுபது கண்களுக்கு முன்னால் நிறுத்துவது பள்ளிக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல. முதல் நாள் அவருக்கு வகுப்பு வேண்டாம். கட்டடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். கழிப்பறைச் சாவி எங்கே தொங்குகிறது, குடிதண்ணீர் எது, சத்துணவுக்கூடத்தில் யார் இருக்கிறார், மணி அடிக்கும் பையன் யார் என்று சொல்லுங்கள். பெண் ஆசிரியர் என்றால் கழிப்பறையைத் தலைமையாசிரியர் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை, இன்னொரு ஆசிரியை அழைத்துப் போகட்டும். சின்ன விஷயமாகத் தோன்றும். பல பேர் முதல் வாரம் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

பணியேற்பு அறிக்கையில் தேதியோடு முற்பகலா பிற்பகலா என்பதும் இருக்க வேண்டும். சம்பளக் கணக்கும் பணிமூப்பும் அதிலிருந்து தொடங்குகின்றன. உடற்தகுதிச் சான்று, பணிப்பதிவேடு திறப்பது, ஓய்வூதியத் திட்ட எண் பெறுவது, சம்பளத் தளமான களஞ்சியத்தில் பெயர் ஏற்றுவது, கல்வித் துறையின் தரவுத் தளமான எமிஸில் பள்ளியோடு இணைப்பது, சான்றிதழ்களின் உண்மைத்தன்மைக்கு எழுதிப் போடுவது ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எது யாரிடம் நிற்கிறது என்று எதிரே குறித்து அவர் கையில் கொடுங்கள். உண்மைத்தன்மைக் கடிதம் பல்கலைக்கழகத்துக்கும் தேர்வுத் துறைக்கும் போய் வர மாதங்கள் ஆகும். அது வராமல் தகுதிகாண் பருவம் முடித்த ஆணை நகராது. முதல் மாதமே எழுதினால் தலைவலி இல்லை.

முதல் சம்பளம் தாமதமாகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டு அட்வான்ஸ், ஊருக்குப் போய்வரும் செலவு, பாத்திரம் பண்டம் என்று கையிலிருப்பது முதல் மாதத்திலேயே கரைந்துவிடும். அரசு வேலை கிடைத்தும் வீட்டில் பணம் கேட்கக் கூச்சப்பட்டு மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் இளம் ஆசிரியர்கள் உண்டு. இளநிலை உதவியாளரோடு உட்கார்ந்து சம்பளப் பட்டியலை முடுக்கிவிடும் பொறுப்பு தலைமையாசிரியருடையது.

வீடு, பேருந்து

பள்ளி கிள்ளையிலோ புவனகிரிப் பக்கமோ காட்டுமன்னார்கோயில் சாலையிலோ இருந்தாலும், வெளியூர் ஆசிரியர்கள் பெரும்பாலும் சிதம்பரம் நகரில்தான் தங்குகிறார்கள். ரயிலும் மருத்துவமனையும் இங்கே இருக்கின்றன என்பதால் அது சரியான முடிவுதான். ஆனால் நேரடிப் பேருந்து எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது எப்போது, எந்த நிறுத்தத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை அந்தத் தடத்தில் தினமும் வருகிற ஆசிரியர் ஒருவர் சொன்னால்தான் தெரியும். முதல் வாரம் அவரையும் உங்களோடு ஏற்றிக்கொண்டு வாருங்கள். கண்டக்டருக்கு முகம் தெரிந்துவிட்டால் அதுவே பெரிய பலம்.

வீடு தேடுவதற்கு உள்ளூர் ஆசிரியர் ஒருவர் கூடப் போவது அவசியம். தனியாக வரும் பெண்ணுக்கு வீடு தர யோசிக்கிறார்கள். கதவைத் திறந்ததும் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கும் வீடுகளும் இருக்கின்றன. மாணவர்களுக்கு அரசியலமைப்பைப் பாடம் நடத்த வந்தவர், வாடகை வீட்டுத் திண்ணையில் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் விடப்படக் கூடாது. கூடப் போகிற மூத்த ஆசிரியர் அங்கேயே, “எங்க பள்ளிக்கூடத்து சார், நான் பொறுப்பு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கிற வீடு வேண்டாம் என்று திரும்பிவிடுவதும் சரியே.

பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள்

வருகைப் பதிவேட்டைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் மூத்த ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்பது என் கருத்து. ஆகஸ்டு மாதப் பதிவேட்டை விரித்து அவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். ஒன்பதாம் வகுப்பில் நாலைந்து பேருக்கு ஒரே மூன்று நாட்கள் வரிசையாகச் சிவப்புக் குறி விழுந்திருக்கும். சிதம்பரத்தில் ஒரு சொட்டு மழை இருந்திருக்காது. புதியவர் திருநெல்வேலிக்காரர் என்றால் கூட்டாளிகள் சேர்ந்து ஊர் சுற்றியிருக்கிறார்கள் என்றே நினைப்பார். முகவரியைப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டுக்காட்டூர், கீழகுண்டலப்பாடி, பெராம்பட்டு, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம். எல்லாம் கொள்ளிடத்தை ஒட்டியும் அதன் நடுவிலும் இருக்கும் ஊர்கள். கர்நாடகத்தில் மழை பெய்து மேட்டூர் நிரம்பினால், உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பி, அணைக்கரை தாண்டி, சில நாட்களில் இவர்கள் வாசலுக்கு வந்துவிடும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான் வீடுகள் தண்ணீரில் நின்றன. திரும்பி வந்த பையனை எழுப்பி, “ஏன்டா வரல?” என்று கேட்டால், “தண்ணி வந்துடுச்சு சார்” என்பான். அவ்வளவுதான் சொல்வான். படகு வந்ததையும் புத்தகப் பை நனைந்ததையும் கேட்டால்தான் சொல்வான்.

இதைப் போல ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும்போது முடசலோடை, பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து மீனவக் குடும்பங்களில் கையிருப்பு வறண்டிருக்கும். அந்த வாரத்தில் ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லாத பிள்ளையை வெளியே நிறுத்துவது கொடுமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. விடுமுறை அறிவிப்பு மாவட்ட ஆட்சியரிடமிருந்து பல நாள் விடிந்த பிறகே வரும். புதியவரைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே சேர்த்துவிட்டால், கொட்டும் மழையில் அவர் பூட்டிய கேட் முன்னால் வந்து நிற்க மாட்டார். புயல் என்று சொன்னதும் கடலோரப் பெற்றோர் பிள்ளையை உடனே அழைத்துப் போக வருவார்கள். 2004 டிசம்பர் 26இன் சுனாமியையும் 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூரைத் தாக்கிய தானே புயலையும் பார்த்தவர்கள் அவர்கள். வாசலில் நிறுத்தி விதிமுறை பேசாமல், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பச் சொல்லுங்கள். தை பிறந்தால் கடைமடையில் சம்பா அறுவடை. பெற்றோர் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் யாரும் வர மாட்டார்கள். மாலையில் வையுங்கள். ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆருத்ரா தரிசனமும் இந்த ஊரின் இரு பெரிய நாட்கள். தேர் ஓடும் நாளில் நான்கு வீதிகளிலும் பேருந்து போகாது என்பதை வெளியூர்க்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பிச்சாவரம், கிள்ளைப் பகுதியில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற குடும்பங்கள். அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தொடும்போது சாதிச் சான்றிதழ் பிரச்சினை எழுகிறது. பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்ட அளவில்தான் வழங்க முடியும். பெற்றோருக்குச் சான்று இல்லையென்றால் விசாரணை நீளும். வகுப்பாசிரியர் எட்டாம் வகுப்பிலேயே கோப்பைத் தொடங்கி வைத்தால்தான் மேற்படிப்பு நேரத்தில் பிள்ளை தவிக்காமல் இருக்கும். புதிய வகுப்பாசிரியருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

உதவித்தொகை விவரம் எடுக்கும்போது, “எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க” என்று வகுப்பில் எண்ணும் பழக்கம் இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது. புதியவர் பார்த்துக் கற்றுக்கொள்வது இதைத்தான். எமிஸில் எல்லா விவரமும் இருக்கிறது, வகுப்பில் கேட்கத் தேவையே இல்லை. வங்கிக் கணக்கு எண் விடுபட்டிருந்தால் அந்தப் பிள்ளையை மட்டும் தனியே கூப்பிட்டுக் கேட்கலாம். சகஜானந்தர் பள்ளி நடத்திய ஊர் இது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

வகுப்பறை

ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு உள்ள பள்ளியில் பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர்தான் இருப்பார். புதிய கணித ஆசிரியர் வந்த மறுநாளே பத்தாம் வகுப்புக்கும் அவர்தான் கணிதம். “முதல் வருஷம் பத்தாம் வகுப்பு கொடுக்காதீங்க” என்ற நல்ல அறிவுரை பெரிய பள்ளிகளுக்குத்தான் பொருந்தும். இங்கிலாந்தில் 2021 முதல் புதிய ஆசிரியருக்கு முதல் ஆண்டில் பாடவேளையில் பத்து விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் ஐந்து விழுக்காடும் குறைக்கிறார்கள். ஜப்பானில் 1988இல் கொண்டுவந்த சட்டத்தின்படி முதல் ஆண்டு முழுவதும் மூத்த ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலோடு பயிற்சி உண்டு. நம் சிறிய பள்ளியில் பாடவேளையைக் குறைக்க ஆள் கிடையாது. ஆனால் பாடவேளைக்கு வெளியே உள்ள வேலையைக் குறைக்க முடியும், அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

நடப்பது நேர்மாறாக இருக்கிறது. இளையவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பதால் எமிஸ் வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. உதவித்தொகைப் பொறுப்பு, இலக்கிய மன்றம், சுதந்திர தின விழா, விடுப்பில் போனவரின் பாடவேளை, எல்லாவற்றுக்கும் “ஜூனியர்தானே, செய்யட்டும்.” பாடக்குறிப்பு எழுதவும் மறுநாள் கணக்கைப் போட்டுப் பார்க்கவும் அவருக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. காலாண்டுத் தேர்வு வரை புதியவருக்கு வகுப்பைத் தவிர ஒரே ஒரு பொறுப்புதான் என்று ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்து, தீர்மானப் பதிவேட்டிலும் எழுதிவிடுங்கள். முணுமுணுப்பு வரும். தலைமையாசிரியர் தாங்கிக்கொள்ள வேண்டிய முணுமுணுப்பு அது.

2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு, அதில் இருபது வாரம் பள்ளியில் பயிற்சி. அப்போது வகுப்பு இன்னொருவருடையது. ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தமிழ்ப் பத்தி ஒன்றை எழுத்துக்கூட்டிப் படிப்பதை முதன்முதலாகப் பார்க்கும் இளம் ஆசிரியர் அதிர்ந்துபோகிறார். சிலருக்குக் கோபம் வருகிறது, சிலர் அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டு ஒடுங்கிவிடுகிறார்கள். இப்படி இருக்கும் என்று முன்னாலேயே சொல்லுங்கள். முதல் இரு வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே கூப்பிட்டு ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளட்டும். வகுப்பு முன்னால் வேண்டாம், மதிய இடைவேளையில் மரத்தடியில் போதும். யாருக்கு எழுத்து தடுக்கிறது, யாருக்குக் கண்ணாடி தேவை என்பது அந்த ஒரு பட்டியலிலேயே தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பில் பாடத்துக்கு நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. மெல்லக் கற்கும் மாணவரை முப்பத்தைந்துக்குக் கொண்டுவர எந்தப் பாடப்பகுதிகள் உதவும் என்பது அனுபவஸ்தர்களுக்குத்தான் தெரியும். அதே பாடம் எடுப்பவர் உங்கள் பள்ளியில் வேறு யாரும் இல்லையென்றால், பக்கத்துப் பள்ளியில் பத்தாண்டாக அதே பாடம் எடுப்பவரின் எண்ணைத் தலைமையாசிரியரே வாங்கி, அறிமுகப்படுத்திக் கொடுங்கள். வட்டார வள மையத்து ஆசிரியப் பயிற்றுநரையும் வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தையும் தெரிந்து வைத்திருப்பது பின்னால் உதவும்.

கம்பு பற்றி ஒரு சொல். “முதல் நாளே கம்பை எடுத்துடணும், இல்லேன்னா ஏறி மிதிச்சிடுவானுங்க” என்று சொல்லிக்கொடுக்கிற மூத்தவர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. இந்த அறிவுரையைக் கேட்டு நடப்பவர் வேலையை இழக்க நேரிடலாம். அதைவிட முக்கியம், வீட்டிலும் அடிபட்டு வந்த பிள்ளைக்கு அது இன்னொரு அடி, அவ்வளவுதான். பையன்கள் சத்தம் போடும் வகுப்பில் புதியவருக்குத் தேவைப்படுவது அந்த வகுப்பை ஏற்கெனவே அறிந்த ஒருவரின் துணை. அந்த ஆசிரியர் நோட்டு திருத்தும் சாக்கில் பின்பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். எதுவும் பேச வேண்டாம். இடையில் எழுந்து புதியவரைத் திருத்தவே கூடாது. அதே போலப் புதியவரும் நன்றாகப் பாடம் நடத்துகிற ஒருவரின் வகுப்பில், பாடம் எதுவானாலும், வாரம் ஒரு முறை உட்காரட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி, கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது, கடைசி வரிசைக்கு எப்போது நடந்து போவது என்பதெல்லாம் பார்த்தால்தான் பிடிபடும்.

ஆசிரியர் அறை

“எப்ப சார் டிரான்ஸ்ஃபர்?” என்று புதியவரிடம் கேட்பதை நிறுத்துங்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். தினமும் கேட்டால் நீ இங்கே உரியவனல்ல என்றுதான் அவர் காதில் விழும். மாறுதல் கேட்பது அவர் உரிமை, கிடைக்கும்போது போகட்டும். இருக்கும் வரை அவர் இந்தப் பள்ளி ஆசிரியர். சங்கச் சந்தா, யார் யாரோடு பேசுவதில்லை, எந்தத் தலைமையாசிரியர் காலத்தில் என்ன நடந்தது என்ற பழங்கதைகளெல்லாம் முதல் பருவத்தில் அவர் காதுக்குப் போகாமல் இருந்தால் நல்லது. மதியம் சாப்பிடும்போது அவருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். விடுதிச் சாப்பாட்டு டப்பாவோடு வகுப்பறையில் தனியே உட்கார்ந்து சாப்பிடும் ஆசிரியரைப் பார்த்தால் யாராவது எழுந்து போய் அழைத்து வாருங்கள்.

கடைசியாக, துணை ஆசிரியர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பது. “எல்லாரும் பார்த்துப்போம்” என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். தலைமையாசிரியர் தாமே அந்த இடத்தில் இருக்க வேண்டாம், தகுதிகாண் பருவம் குறித்துப் பரிந்துரை எழுதுகிறவரிடம் யாரும் தன் தடுமாற்றத்தை மனம் விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் போதும். தன் முதல் வருடம் அவருக்கு இன்னும் மறந்திருக்காது. வாரம் ஒரு பாடவேளை இருவருக்கும் சேர்ந்தாற்போல ஓய்வாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பேசுவதற்கு மூன்று விஷயம்: இந்த வாரம் எந்தப் பாடம் எடுபடவில்லை, எந்தப் பிள்ளை கவலையாக இருக்கிறது, அலுவலகத்தில் எந்தக் காகிதம் நிற்கிறது. பேசியது அந்த அறையைத் தாண்டி வரக் கூடாது. ஜூனில் கால அட்டவணை போடும்போதே அந்த ஒரு பாடவேளையை இருவர் பெயருக்கும் எதிரே எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்திட்டு ஒட்டிவிடுங்கள். ஆண்டு நடுவில் புதியவர் வந்தால், அவர் வந்து சேர்ந்த அந்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.